எடைமேடை அக்காவின் நீலக் கார்

அவர் கையிலிருந்து எதையும் காலியாக வாங்க முடியாது. தண்ணீர் கேட்டு பாட்டிலை நீட்டினால் மோர் ஊற்றித் தருவார். சில்லறை மாற்றக் கொடுத்த பையில் நாலு கொய்யாப்பழம் வந்து சேரும். ஒருவரிடம் குடையை இரவல் வாங்கி, அதைத் திருப்பித் தரும்போது அதன் மடிப்புக்குள் ஒரு பிடி வேர்க்கடலை போட்டுக் கொடுத்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். குடையை விரித்தவர் தலையில் கடலை கொட்டியது.

எளாவூர் சோதனைச்சாவடிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவில், கல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டி அவருடைய எடைமேடை இருந்தது. இரும்பு ஆலைகளுக்குப் போகிற லாரிகளும் அங்கிருந்து வருகிற லாரிகளும் அதில் ஏறி நின்று, எடைச் சீட்டு வாங்கிக்கொண்டு போகும். டிரைவர்களுக்கெல்லாம் அவர் வேபிரிட்ஜு அக்கா. எனக்கும் அப்படித்தான். பதினொரு மாதம் அவரிடம் வேலை செய்தேன். பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டுக் கேட்டதில்லை.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது ஒரு சண்டையால். ஏழாவது வரைதான் படித்தேன். அதற்குப் பிறகு செங்கல் சூளை, நெல்லூரில் ஓட்டல், பழவேற்காட்டில் இறால் தரம் பிரிப்பது, லாரியில் கிளீனர், அப்புறம் டிரைவர் என்று எதிலும் ஆறு மாதத்துக்கு மேல் தங்கியதில்லை. அன்று நான் ஓட்டி வந்த லாரியின் முதலாளி சோதனைச்சாவடியில் வைத்து என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டுத் தெற்கே நடந்தேன். இரண்டு நாளாகச் சாப்பாடு சரியில்லை. தண்ணீருக்காக எடைமேடையில் ஒதுங்கினேன்.

அக்காவுக்கு அப்போது ஐம்பத்தைந்து வயதிருக்கும். கண்ணாடி அறைக்குள் கணினிக்கு முன்னால், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எங்க போற நைனா?"

"தெரியலக்கா."

"தெரியாத ஊருக்கா? அப்ப அவசரம் ஒண்ணும் இல்ல. நாஷ்டா துன்னுட்டு போ."

இட்லி தின்றேன். தின்ற கையோடு விளக்குமாற்றைக் கொடுத்தார். லாரி ஏறி இறங்கும்போது மேடையில் மண் கொட்டும். ஒரு கூடை மண் கிடந்தால்கூட எடையில் காட்டிவிடும். அதைக் கூட்டித் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அதுதான் என் வேலை. அதோடு லாரி மேடை ஏறியதும் டிரைவரையும் கிளீனரையும் கீழே இறக்கிவிடுவதும் என் வேலை. அந்த விஷயத்தில் அக்கா படு கண்டிப்பு. ஆள் உட்கார்ந்திருந்தால் பொத்தானைத் தொடமாட்டார். "உன்னையா இரும்புன்னு விக்கப் போறாங்க? எறங்கு" என்பார்.

எடை போடுவது இரண்டு முறை. முதலில் வெறும் லாரியை நிறுத்தி காலி எடை. சரக்கேற்றிக்கொண்டு வந்த பிறகு லோடு எடை. காலி எடை போட வரும் டிரைவர்களைத்தான் அக்கா அதிகம் கவனிப்பார். வண்டியும் காலி, வயிறும் காலி என்பது அவர் எண்ணம். மோர், கொய்யா, புளிச்சோற்று உருண்டை என்று எதையாவது கையில் திணிக்காமல் விடமாட்டார். வேண்டாம் என்று சொன்னவர்களும் உண்டு. அவர்களுக்குச் சீட்டு கொஞ்சம் தாமதமாக வரும்.

இப்படிப்பட்டவரிடம் அந்தக் கார் இருந்ததுதான் எல்லோருக்கும் ஆச்சரியம்.

கருநீல நிறம். நாலு கதவு. பின்னால் இரண்டு சைலன்சர். வயிறு தரையைத் தொடுகிற மாதிரி தாழ்ந்த வெளிநாட்டுக் கார். வேகமாகப் போவதற்கென்றே செய்தது. ஆலை ஒன்றில் வேலை பார்த்த வெளிநாட்டு மேனேஜர் தன் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனார். வாங்கி ஒன்பது வருடம் ஆகியிருந்தது. அக்காவின் வீட்டுக்காரர் பக்கத்துக் கிராமத்தில் நெல் பயிரிடுகிறவர். அவர் அதில் ஏறவே மாட்டார். "ஏறதுக்கு குந்தணும், எறங்கறதுக்கு ரெண்டு ஆளு வேணும். இது இன்னா வண்டியா, கெணறா?" என்பார்.

அக்கா செருப்பைக் கழற்றிப் பக்கத்து இருக்கைக்குக் கீழே வைத்துவிட்டு, வெறுங்காலால் ஓட்டுவார். விடியற்காலையில் சாலை காலியாக இருக்கும்போது ஆரம்பாக்கம் வரை போய்த் திரும்புவார். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் டீக்கடைக்காரர் அடுப்பு பற்றவைப்பார்.

நான் சேர்ந்த மறு வாரம் நடந்தது இது. ஒடிசாக்கார டிரைவர் ஒருவர் எடை போட்டுவிட்டு, தன் தண்ணீர் கேனை மறந்து வைத்துவிட்டு வடக்கே கிளம்பிவிட்டார். நான் கேனைப் பார்த்துச் சொன்னேன். அக்கா எழுந்தார். கேனில் மோரை நிரப்பினார். உப்பு போட்டுக் குலுக்கினார். அதற்குள் லாரி கண்ணுக்கு மறைந்துவிட்டது.

"ஏறு" என்றார்.

"போவட்டும்க்கா. அஞ்சு லிட்டர் கேனு."

"ஏறுன்னா ஏறு!"

ஏறினேன். என் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. நான் லாரி ஓட்டியவன். அறுபதைத் தாண்டினால் வண்டி ஆடும் என்றுதான் தெரியும். அந்தக் கார் நூற்றிருபதில் பூனை மாதிரி உட்கார்ந்து போயிற்று. ஆந்திர எல்லையைக் கடந்து, தடாவுக்கு முன்னாலேயே லாரியைப் பிடித்துவிட்டோம். அக்கா பக்கத்தில் கொண்டுபோய் ஹாரன் அடித்தார். நீலக் காரைப் பார்த்ததும் யாரோ பெரிய அதிகாரி துரத்தி வருகிறார் என்று டிரைவர் வண்டியை ஓரங்கட்டி, காகிதங்களையெல்லாம் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி ஓடி வந்தார். அக்கா சன்னலை இறக்கி கேனை நீட்டினார். அந்த மனிதர் கேனைப் பார்த்தார், காரைப் பார்த்தார், அக்காவின் வெறுங்காலைப் பார்த்தார். அப்புறம் சாலையோரத்திலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். எனக்கும் சிரிப்பு நிற்கவில்லை. திரும்பி வரும்போது, "இன்னொரு தபா ஓட்டலாமாக்கா?" என்று நானே கேட்டேன்.

இந்தக் குணத்துக்கு வேறு ஒரு பக்கமும் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் அவரைச் சரியாகச் சொன்னதாகாது. அவர் கொடுப்பதிலிருந்து தப்ப முடியாது. மூன்று முறை நான் அங்கிருந்து கிளம்பப் பார்த்தேன். காரணம் ஒன்றுமில்லை. ஒரே இடத்தில் விடிந்தால் எனக்குக் கால் அரிக்கும். ஒவ்வொரு முறையும் அக்கா, "போ, நல்லா இரு" என்று சொல்லிவிட்டு, ஒரு பாத்திரத்தைக் கையில் கொடுப்பார். "போற வழியில எளாவூர்ல என் தங்கச்சி ஊட்ல இத குட்து, பாத்திரத்த வாங்கி பஸ் ஸ்டாண்டு கடையில வச்சிட்டு போ." தங்கை வீட்டில் பாத்திரத்தைக் காலியாகத் தருவார்களா? முறுக்கு நிரப்பித் தருவார்கள். முறுக்கைக் கடையில் வைத்துவிட்டுப் போக எனக்கு மனம் வராது. திரும்பிக் கொண்டுபோய்க் கொடுப்பேன். அதற்குள் சாப்பாட்டு வேளை வந்திருக்கும். இது எனக்குப் புரியவே ஏழெட்டு மாதம் ஆயிற்று. புரிந்தபோது கொஞ்சம் கோபம்கூட வந்தது.

அந்தக் காருக்குப் பதினைந்து வயது முடியப் போனது. முடிந்தால் மறுபடி பதிவு செய்ய வேண்டும். டயருக்கு மேலே காற்றில் நிற்கிற அமைப்பு இளைத்து, காலையில் பார்த்தால் கார் ஒரு பக்கம் படுத்திருக்கும். பழைய இரும்பு வாங்குகிறவர் தினமும் வந்து சுற்றிப் பார்ப்பார். எங்களைச் சுற்றி இருந்ததெல்லாம் இரும்பு உருக்குகிற உலைகள்தானே. "அக்கா, போட்டுடுங்க. பேஜாரு வுட்டது" என்பார்.

"ஓடுற வண்டிய உருக்குவாங்களாய்யா?" என்று அக்கா அவருக்கும் ஒரு டம்ளர் மோர் கொடுத்து அனுப்புவார்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு லோடுமேனைப் பார்க்கப் பள்ளிப்பட்டுப் பக்கம் போனோம். எடைமேடைக்கு வந்துபோய்க்கொண்டிருந்த மனிதர். ஆலையில் கம்பிக் கட்டின் மேலிருந்து விழுந்து முதுகெலும்பு உடைந்துவிட்டது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. அவரைப் போல இருபது பேரை வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஒரு இல்லம் அங்கே இருந்தது. ஓய்வுபெற்ற நர்சு ஒருவர் நடத்தினார். எல்லோரும் அவரை சிஸ்டர் என்று கூப்பிட்டார்கள்.

நாங்கள் போன அன்று ஒருவருக்குப் படுக்கைப் புண் சீழ்பிடித்து, காய்ச்சல் ஏறியிருந்தது. அவரைத் திருத்தணி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு சரக்கு ஆட்டோ வந்தது. பலகையில் படுக்கவைத்து, கயிற்றால் கட்டி, மழைக்குத் தார்ப்பாய் போர்த்தினார்கள். சரக்கை எப்படி மூடுவோமோ அப்படி. அந்த மனிதர் தார்ப்பாய்க்கு அடியிலிருந்து, "மூஞ்சிய மட்டும் மூடாதீங்கப்பா" என்றார்.

திரும்பும்போது கார் நாற்பதில் போனது. திருவள்ளூர் தாண்டியதும், "இந்தக் கார அவங்களுக்குக் குட்துட்றேன்" என்றார்.

"படுத்தவங்கள இதுல எப்படிக்கா ஏத்துவாங்க? குந்தறதுக்கே கஷ்டம்."

"அதுக்குத்தான் யோசிக்கிறேன்."

அந்த யோசனைக்கு வழி செய்துகொடுத்தவர் சிஸ்டர். திருத்தணியில் பழைய வண்டி வாங்கி விற்கிற ஒருவரைப் பிடித்தார். அவரிடம் உயரமான கூரை போட்ட ஒரு வேன் இருந்தது. ஸ்ட்ரெச்சர் தாராளமாக ஏறும். இந்த மாதிரிக் கார் என்றால் அந்த மனிதருக்குப் பைத்தியம். அக்கா காரை இல்லத்துக்குக் கொடுக்க, இல்லம் அதை அவருக்குக் கொடுக்க, அவர் வேனை இல்லத்துக்குக் கொடுக்க வேண்டும். வண்டிக்கு வண்டி. ஆனால் ஒரு நிபந்தனை. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குள் கார் தன் சொந்தக் காலில் ஓடி வந்து இல்லத்து வாசலில் நிற்க வேண்டும். கட்டி இழுத்து வந்தால் பேச்சில்லை. நாலு மணி தாண்டினால் வேன் அரக்கோணத்துக்குப் போய்விடும். அங்கே பந்தல்காரர் ஒருவர் அதைக் கேட்டு வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் அக்காவிடம் என் செய்தியைச் சொன்னேன். "அக்கா, இதோட நான் கெளம்பறேன். வண்டிய வுட்டுட்டு அப்படியே திருத்தணில பஸ் ஏறிடுவேன்."

"சரி நைனா" என்றார். பாத்திரம் எதையும் நீட்டவில்லை. எனக்கு அதுவே சந்தேகமாக இருந்தது.

காரைக் கழுவி, பொட்டு வைத்து, டேங்கை நிரப்பினோம். அப்புறம் அவர் ஏற்ற ஆரம்பித்தார். சொந்த வயலில் விளைந்த புது அரிசி நாலு மூட்டை டிக்கியில். அதற்கு அடியில் என் பை. பின் இருக்கையில் தேங்காய், ஐந்து பூசணிக்காய். முன்னால் என் காலடியில் ஒரு பெரிய எவர்சில்வர் தூக்கு நிறையச் சேமியா பாயசம்.

"அக்கா, இது லாரி இல்ல. அடி தட்டும்" என்றேன்.

"காலி பாத்திரத்த குடுக்கறதா? வாய மூடினு ஏத்து."

காரை எடைமேடையில் ஏற்றச் சொன்னார். காலையிலேயே காலி எடை போட்டு வைத்திருந்தார். இப்போது லோடு எடை. நான் ஏற்றி நிறுத்திவிட்டு, வழக்கம்போல இறங்கக் கதவைத் திறந்தேன். கண்ணாடி அறையிலிருந்து கையைக் காட்டினார்.

"நீ குந்து."

"டிரைவர் எறங்கணும்லக்கா?"

"இன்னிக்கு எறங்க வேணாம்."

பதினொரு மாதத்தில் அவர் விதியை மீறியதை அன்றுதான் பார்த்தேன். கடைசி நாள், விளையாட்டுக்குச் செய்கிறார் என்று நினைத்தேன். சீட்டு வந்தது. மடித்து என் சட்டைப் பையில் அவரே வைத்தார். கிராமத்தைத் தாண்டும்போது அவர் வீட்டுக்காரர் வரப்பிலிருந்து துண்டை ஆட்டினார். "கெணத்துல வுயாம போய் சேருங்க!"

அந்தப் பயணத்தை நினைத்தால் இப்போதும் என்னால் சும்மா உட்கார முடியாது. கவரைப்பேட்டை, பெரியபாளையம், திருவள்ளூர். காரை அக்காதான் ஓட்டினார். கடைசி ஓட்டம் என்று கார் தெரிந்துகொண்ட மாதிரி ஓடியது. திருத்தணிச் சாலையில் இரண்டு பையன்கள் புது பைக்கில் பக்கத்தில் வந்து, பின்னால் பூசணிக்காயைப் பார்த்துச் சிரித்தார்கள். "மார்க்கெட்டுக்கா ஆயா?" என்றான் ஒருவன். அக்கா என்னிடம், "தூக்க கெட்டியா புடி" என்றார். அவ்வளவுதான். அந்தப் பையன்களை மறுபடி நாங்கள் பார்க்கவில்லை. மூடியை மீறிப் பாயசம் என் கால்சட்டையில் தெறித்தது. அக்கா சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டுச் சிரித்தார்.

திருத்தணி தாண்டி, இல்லத்துக்கு ஏழெட்டு கிலோமீட்டர் இருக்கும்போது, கரும்புக் காட்டுக்கு நடுவில் அது நடந்தது. ஊர்க்காரர்களே கட்டிய வேகத்தடை. வெள்ளைக் கோடு இல்லை, பலகை இல்லை. அக்கா பிரேக்கைப் போட்டார். ஆனால் நாலு மூட்டை அரிசி பின்னால் அழுத்திக்கொண்டிருந்தது. அடியில் 'டமால்' என்றது. கண்ணாடிக்குக் கீழே சிவப்பு விளக்கு எரிந்தது. அக்கா அதே நொடியில் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்திவிட்டார்.

இறங்கிக் குனிந்து பார்த்தேன். எஞ்சின் ஆயில் நிற்கிற தொட்டியில் விரல் நீளத்துக்கு விரிசல். ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது. மணி ஒன்றரை.

"அரிசிதான் ஒடைச்சிது" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. அக்காவின் முகம் சுருங்கிப்போனது.

கரும்பு வெட்டுகிறவர்கள் ஏழெட்டுப் பேர் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து வந்தார்கள். டிராக்டர்காரர் ஒருவரும் வந்தார். மூட்டை, பூசணி, தேங்காய் எல்லாவற்றையும் இறக்கி, ஜாக்கி போட்டுத் தூக்கினோம். ஆயிலைப் பிடிக்க ஒரு பாத்திரம் வேண்டும். தூக்கு ஒன்றுதான் இருந்தது. அதில் பாயசம்.

அக்கா ஒரு நிமிடம் தூக்கைப் பார்த்தார். பிறகு மூடியைத் திறந்து, "எல்லாரும் கிண்ணம் எட்தாங்க" என்றார்.

டிராக்டர்காரர் என் காதில், "வண்டி ஒடஞ்சதுக்கு பாயசமா? இன்னாய்யா ஊரு வழக்கம் இது?" என்றார்.

"துன்னு. அப்புறம் சொல்றேன்."

சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார்கள். தூக்கைத் துடைத்து ஆயிலைப் பிடித்தேன். டிராக்டர்காரர் வீட்டில் மோட்டார் பைப்பை ஒட்டியது போக மிச்சம் எம்சீல் இருந்தது. பைக்கில் போய்க் கொண்டுவந்தார். விரிசலைப் பெட்ரோல் துணியால் துடைத்து, உலரவிட்டு, எம்சீலைப் பிசைந்து அழுத்தினேன். லாரிக்கு எத்தனையோ முறை செய்த வேலைதான். அது இறுக ஒரு மணி நேரம் வேண்டும். அந்த ஒரு மணி நேரம் அக்கா சாலையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெறுங்காலோடு நடந்தார். சிஸ்டர் இரண்டு முறை போன் செய்தார். வேன்காரர் வந்து உட்கார்ந்துவிட்டாராம்.

மணி மூன்றேகால். பிடித்த ஆயிலைத் துண்டில் வடிகட்டி ஊற்றினேன். போதவில்லை. டிராக்டர்காரர் தன் டிராக்டர் ஆயிலிலிருந்து இரண்டு லிட்டர் கொடுத்தார். எஞ்சின் உறுமியது. வெட்டுக்காரர்கள் கை தட்டினார்கள். நான் அடியில் தலையை விட்டுப் பார்த்தேன். சொட்டவில்லை.

மூட்டைகளைத் தூக்கப் போனவர்களை நான் தடுத்தேன். "ஏத்தாதீங்க. மறுபடி ஒரு தட்டு தட்டுனா அவ்ளோதான்."

டிராக்டர்காரர், "நாளைக்கு நானே கொண்டாந்து எறக்கறேன்மா, அரிசி, பூசணி எல்லாம்" என்றார்.

அக்கா அசையவில்லை. டிக்கி திறந்து கிடந்தது. உள்ளே என் பை மட்டும் இருந்தது.

"காலியா போயி எப்படிய்யா நிக்கறது?" என்றார். குரல் உடைந்திருந்தது. அவரை அப்படி நான் பார்த்ததில்லை. நாலு மணிக்கு இன்னும் முப்பது நிமிடம்தான் இருந்தது. அன்று அந்த மனிதர் தார்ப்பாய்க்கு அடியிலிருந்து முகத்தை மூடாதே என்று கெஞ்சியது என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. அவசரத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"காலியா எங்கக்கா போவுது? நான் கீறேன்ல? ஏறுங்க!"

அவர் என்னைப் பார்த்தார். எடைமேடையின் சிவப்பு எண்கள் ஓடி ஓடி ஒரு இடத்தில் நிற்கும் வரை பார்த்துக்கொண்டிருப்பாரே, அப்படி. பிறகு டிக்கியை மூடிவிட்டு ஏறினார்.

மாட்டு வண்டி வேகத்தில் போனோம். ஒவ்வொரு வேகத்தடையிலும் நான் இறங்கி, காரை ஓரமாகச் சாய்த்து ஏற்றி இறக்க வழி காட்டினேன். இல்லத்து வாசலுக்குள் நுழையும்போது வேன்காரர் தன் வேனில் ஏறி உட்கார்ந்து சாவியைப் போட்டிருந்தார். சக்கர நாற்காலிகளில் எல்லோரும் வராந்தாவில் வரிசையாக இருந்தார்கள். எங்கள் லோடுமேன் கத்தினார், "அக்கா வந்துட்சு! நான் சொன்னன்ல?"

வேன்காரர் இறங்கி வந்து காரைச் சுற்றினார். கண்ணில் அவ்வளவு ஆசை. "ராணி மாதிரி கீதும்மா" என்றார்.

எனக்கு மூச்சு வந்தது. அப்போது அக்கா சொன்னார், "அடியில படுத்து பாரு. ஆயில் தொட்டி ஒடைஞ்சி ஒட்டு போட்ருக்குது."

நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். "அக்கா, அவரு பாக்கவே இல்ல" என்றேன், வாய்க்குள்ளேயே.

"அவன் பாக்கலன்னா எடை மாறிடுமா?" என்றார், சத்தமாக.

வேன்காரர் தரையில் படுத்துப் பார்த்தார். சிஸ்டர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். வேன்காரர் எழுந்தார். "இன்னா ஆயிலு ஊத்துனீங்க?"

"டிராக்டர் ஆயிலு" என்றேன்.

அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். "ராணிக்கு டிராக்டர் ஆயிலா! யோவ்!"

"குந்து. ஓட்டிக் காட்றேன். அப்புறம் வேணும்னா வாங்கு, வேணாம்னா உன் வேன எட்துக்கினு அரக்கோணம் போ" என்றார் அக்கா.

இருவரும் ஏறி ஏரிக்கரைச் சாலையில் போனார்கள். தூரத்தில் அந்தச் சத்தம் ஏறி ஏறி உச்சத்துக்குப் போயிற்று. எங்கள் டீக்கடைக்காரர் அடுப்பு பற்றவைக்கும் அதே சத்தம். வராந்தாவில் இருந்தவர்கள் நாற்காலிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். நாலு நிமிடம். திரும்பி வந்தபோது வேன்காரரின் வாரிய தலைமுடி நட்டுக்குத்தாக நின்றது. இறங்கியதும் சிஸ்டரின் கையில் வேன் சாவியை வைத்தார்.

"தொட்டி மாத்திக்கறேன்" என்றார்.

வராந்தா அதிர்ந்தது. விசிலடித்தார்கள். ஒருவர் சக்கர நாற்காலியிலேயே சுற்றினார். கையெழுத்துகள் ஆயின. டிக்கியிலிருந்து என் பையை இறக்கினேன். அக்கா காரின் மேல்கூரையை ஒரு முறை தட்டினார். வேன்காரர் காரை எடுத்துக்கொண்டு போனபோது அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வேனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிஸ்டர், "வேன் வந்துட்சும்மா. டிரைவருக்குத்தான் சொல்லி வச்சிருக்கேன், யாரும் கெடைக்கல. உள்ள ஒருத்தருக்கு ஜொரம், இன்னிக்கே காட்டணும்" என்றார்.

"நான் என்னிக்கு காலியா குட்திருக்கேன் சிஸ்டர்?" என்றார் அக்கா.

"அக்கா, நான் பஸ் ஏறணும்" என்றேன்.

"ஏறு. எவன் வேணாம்னான்? அந்த ஸ்லிப்ப எட்து பாரு."

எடுத்துப் பிரித்தேன். காலி எடை, லோடு எடை, நிகர எடை.

"அதுல அரிசி எறங்கிட்சி. பூசணி எறங்கிட்சி. பாயசம் போய்ட்சி. மிச்சம் இன்னா கீது, சொல்லு."

லோடுமேன் கெக்கெக்கே என்று சிரித்தார். சிஸ்டர் சிரிக்கவில்லை. சாவியை என் பக்கமாக நீட்டியபடி நின்றார். காலையில் என்னை மேடையில் உட்காரவைத்தபோதே அக்கா இதை முடிவு செய்துவிட்டாரா, கரும்புக் காட்டில் நான் உளறியபோது முடிவு செய்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டபோதெல்லாம் மோர் கொடுத்தார்.

சாவியை வாங்கினேன். காய்ச்சல்காரரை ஸ்ட்ரெச்சரோடு பின்னால் ஏற்றினோம். மேலே கூரை, பக்கத்தில் சன்னல். சன்னலைத் திறந்து வைக்கச் சொன்னார். முகத்தில் காற்று படவேண்டுமாம். அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். ஆஸ்பத்திரியில் அவரைச் சேர்த்துவிட்டு, திருத்தணி பஸ் நிலையத்தில் அக்காவை இறக்கினேன். நான் பஸ் ஏற வேண்டிய இடம் அது. அவர் ஏறினார், கையில் ஒன்றுமில்லாமல். வெறுங்கையோடு அவர் எங்கேயும் போய் நான் பார்த்ததில்லை. வருத்தப்படுவாரோ என்று பார்த்தேன். பஸ் நகரும்போது சன்னலில் தலையை நீட்டினார்.

"தூக்கு உன் சீட்டுக்கு அடியில கீது! ஆயில் நாத்தம் போவ கழுவி எட்துக்கினு வா!"

நான் ஊரைவிட்டுப் போன மாதிரிதான். புளி போட்டுத் தேய்த்து, பள்ளிப்பட்டு வெல்லம் நிரப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அரிசி நிரப்பித் தந்தார். இப்படி எத்தனை நடை என்று நினைவில்லை. அதற்குப் பிறகு சாலையை அகலப்படுத்தினார்கள். எடைமேடை போயிற்று. அக்கா ஓசூரில் மகள் வீட்டோடு இருக்கிறார். நான் இன்னும் அதே வேனைத்தான் ஓட்டுகிறேன். தூக்கு இப்போது என் பக்கம் இருக்கிறது. ஓசூருக்கு எங்கே பஸ் மாற வேண்டும் என்று விசாரித்து வைத்துவிட்டேன். கரும்பு வெட்டு முடிய இன்னும் பத்து நாள்தான். புது வெல்லம் வந்ததும் கிளம்பிவிடுவேன்.